மூன்றாவது நினைவூட்டல்

அந்த அம்மாளுக்கு ஆபீசில் 'முத்திரை' என்று பெயர். நகராட்சித் தபால் பிரிவில் இருபத்தாறு வருஷமாக, வருகிற கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்திக் குத்தி வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவள் குத்தும் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்கும். சத்தம் நின்றால் டீ நேரம் என்று மற்றவர்கள் எழுந்துகொள்வார்கள்.

படிப்பது அவள் வேலை இல்லை, குத்துவதுதான் வேலை. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் தபால்கள் மலையாகக் குவிந்து, மேஜைக்கு அடியில் கால் நீட்ட இடமில்லாமல் போனபோது ஒரு வழி கண்டுபிடித்தவள் அவள்தான். உறையின் மேல் பழைய புகார் எண் எழுதியிருந்தால் பிரிக்கவே வேண்டாம். ஏற்கெனவே கேட்டதைத்தானே மறுபடி கேட்டிருப்பார்கள்? உறை மேலேயே 'நினைவூட்டல்' என்று ஒரு குத்து குத்தி, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டியது. ஒரே எண்ணுக்கு மூன்று நினைவூட்டல் சேர்ந்துவிட்டால் சிவப்பு நாடா கட்டி, அவசரம் என்று அனுப்ப வேண்டியது. அவ்வளவுதான், மலை இரண்டே மாதத்தில் கரைந்தது. ஆணையர் கூப்பிட்டுப் பாராட்டி, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார். "உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமாம்மா?" என்று புதிதாக வந்த யாராவது கேட்டால், "படிக்க வேண்டியவங்க அங்க படிப்பாங்க. நமக்கெதுக்கு?" என்பாள். அந்தச் சான்றிதழ் அவள் வீட்டில் ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கியது.

அந்த ஜன்னலுக்கு வெளியேதான் மரம் இருந்தது. தூங்குமூஞ்சி மரம். வீடு இரண்டாம் மாடி, ஒரு அறையும் சமையலறையும். ஜன்னல் மேற்குப் பார்த்தது. மரத்தின் பாதிக் கிளைகள் தெருவுக்குக் குடை பிடித்தன, மீதி அவர்கள் ஜன்னலுக்கு. கீழே பஸ் நிறுத்தம், அதையொட்டி ஒரு பழவண்டி.

அவள் புருஷன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். ஆளில்லாத ரோட்டில்கூட ஹாரன் அடிக்காமல் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "ஹாரனும் முத்திரையும் ஒரே வீட்டுல இருந்தா அக்கம்பக்கம் எப்படித் தூங்கும்?" என்று தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். உண்மையில் அந்த வீட்டில் சத்தம் குறைவு. பெண்ணைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பிய பிறகு அவருக்கு இருந்த ஒரே குழந்தை அவருடைய மோட்டார் சைக்கிள். காலையில் ஒரு மணி நேரம் அதைத் துடைப்பார். துடைத்துவிட்டுக் காபி குடிக்க மேலே வருவார். காபி குடித்துவிட்டுக் கீழே போனால் மைனாவும் காகமும் சீட்டு மேல் வெள்ளையடித்து வைத்திருக்கும். போதாததற்கு, பிசுபிசுவென்று காய் வேறு விழுந்து ஒட்டியிருக்கும்.

"ஒண்ணு இந்த மரம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார் ஒருநாள். "நீ என்ன ஆபீஸ்ல வேலை பாக்கற? ஒரு மனு எழுது."

அவளும் எழுதினாள். அவள் எழுதாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் கோபம், நாலு நாளில் அடங்கியிருக்கும். ஆனால் மனு எழுதச் சொன்னால் அவளுக்குக் கை தானாக ஓடும். 'மேற்படி மரத்தினால் பொதுமக்களுக்கும் சுற்றுப்புறத்துக்கும் யாதொரு பயனும் இல்லை என்பதால், அதனை அகற்றித் தருமாறு' என்று அவள்தான் வாசகம் போட்டாள். 'யாதொரு பயனும்' என்ற இடத்தை அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, "பலே" என்றார். சட்டமாகக் கையெழுத்துப் போட்டார். மனு அவர் பெயரில் போனது. போய், ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் தோட்டப் பிரிவில் ஏதோ ஒரு அலமாரியில் படுத்துத் தூங்கியது. இரண்டு பேரும் அதை மறந்தே போனார்கள்.

மூன்று வருஷம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போயிற்று. பேச்சு குழறிற்று. எழுத்துகள் கண்ணுக்கு எறும்பு ஊர்வது மாதிரி ஊர்ந்தன, படிக்க முடியவில்லை. எல்லாவற்றையும்விட, நோய்க்கு முந்தைய நாலைந்து வருஷம் அவர் தலையிலிருந்து துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டது. "அண்ணன் ஏன் பாக்க வரல?" என்று கேட்டார். அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் சொன்னாள். அவர் குழந்தை மாதிரி அழுதார். அடுத்த வாரம் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். அன்றைக்குத்தான் செய்தி வந்தது போல மறுபடி அழுதார், ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. "இனிமே அவரு மனசு நோகற மாதிரி எதையும் சொல்லாதீங்க" என்று டாக்டர் கண்டித்தார். மூன்றாவது தடவை கேட்டபோது, "வெளியூர் போயிருக்கார்ங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

படுக்கையை ஜன்னலோரம் போட்டார்கள். அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது மரம் ஒன்றுதான். அவள் ஆபீஸ் போன நேரத்தில் கீழே வண்டி போட்டிருந்த பழக்காரம்மா அவ்வப்போது மேலே வந்து பார்த்துக்கொண்டாள்.

நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்பார்கள். படுக்கையில் விழுந்த பிறகுதான் அவருக்கு அது தெரிந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு எதிர்ச்சாரி வீடுகளில் சுவர் கொதிக்கும், இவர் மேல் மட்டும் காற்று ஈரத்துணி போட்ட மாதிரி வந்து விழும். பஸ் போகிற தெருவின் தூசியில் பாதியை இலைகளே வாங்கிக்கொள்ளும். இருமலுக்கு அது பெரிய தயவு. மைனாக்களில் ஒன்றுக்கு ஒரு கால் நொண்டி. "வந்துட்டாரு நம்ம ஆளு" என்பார். சாயங்காலம் இலைகள் மடியத் தொடங்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, மடிந்து முடிந்ததும் அவரும் கண்ணை மூடுவார். மாத்திரை போட்டும் வராத தூக்கம் அப்போது வந்தது. "தூங்குமூஞ்சிக்குத் தூங்குமூஞ்சிதான் துணை" என்று வாய் கோணச் சிரிப்பார். நோய் வந்த பிறகு அவர் சிரித்தது மரத்தைப் பார்த்துத்தான். மேகம் மூடி, பகலிலேயே இலை மடிந்தால், "துணிய எடு, மழை வருது" என்பார். பெரும்பாலும் வரும்.

ஒருநாள் அவர் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு, "இது இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன்மா" என்றார்.

அவளுக்குக் கையில் இருந்த தம்ளர் நழுவிற்று. அலமாரியில் தூங்கும் மனு அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். 'யாதொரு பயனும் இல்லை என முன்னர் தெரிவித்தது தவறு' என்று தொடங்கியவளுக்கு, அதற்கு மேல் ஆபீஸ் பாஷை உதவவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தமாக எழுதினாள். நிழலில் நிற்கும் வண்டியில் பழம் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்குகிறது என்று பழக்காரம்மா சொன்னதை எழுதினாள். பஸ்ஸுக்கு நிற்கும் கர்ப்பிணிப் பெண்கள் அந்த அடிமரத்தில்தான் சாய்ந்துகொள்கிறார்கள், தெரு முழுக்கத் தண்ணீர் நின்றாலும் மரத்தடி மட்டும் ஒரு மணி நேரத்தில் வற்றிவிடுகிறது என்றெல்லாம் எழுதினாள். கடைசியில், 'என் கணவர் அதைப் பார்த்துத்தான் தூங்குகிறார். தயவுசெய்து வெட்ட வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உறையின் மேல், மறக்காமல், பழைய புகார் எண்ணை எழுதினாள். எண் இல்லாத கடிதம் எங்கேயும் போய்ச் சேராது என்பது அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் அந்த உறை மற்றதோடு மற்றதாக அவள் மேஜைக்கே வந்தது. சொந்தக் கடிதம் என்று அவள் சலுகை காட்டவில்லை. விதி விதிதான். 'நினைவூட்டல்' என்று ஒரு குத்து குத்தி அனுப்பினாள். படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள்.

ஒரு மாதம் பதில் இல்லை. தோட்டப் பிரிவுக்குப் போன் செய்தாள். "ஃபைல் வரிசையில இருக்கும்மா. வந்தா பாப்போம்" என்றார்கள். ஊழியர்கள் சொந்தக் குடும்பத்து மனுவுக்காக நேரில் போய் நிற்கக் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. அதைச் சுற்றறிக்கையாக அடித்து ஒட்டியவளும் அவள்தான். அதனால் போகவில்லை. இரண்டாவது கடிதம் எழுதினாள், நொண்டி மைனாவைக்கூட அதில் சேர்த்தாள். குத்தி அனுப்பினாள். பிறகு மூன்றாவது. மூன்றாவதைக் குத்தியபோது அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. சிவப்பு நாடாவைத் தன் கையாலேயே இழுத்துக் கட்டினாள். இனிமேல் ஒருவரும் இதைத் தள்ளிவைக்க முடியாது, நாளைக்கே படித்துவிடுவார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவருக்குப் பிடித்த கொய்யா வாங்கிக்கொண்டு போனாள்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பழக்காரம்மா போன் செய்தாள். "அக்கா, மரத்த வெட்ட ஆள் வந்திருக்கு. லாரி, மெஷின் எல்லாம் வந்திருக்கு. அண்ணன் மேல இருந்து கத்தறாரு, என்னன்னு புரியல. சீக்கிரம் வாங்க."

அவள் போய்ச் சேரும்போது பாதி மரம் தெருவில் கிடந்தது. ஜன்னல் பக்கத்துக் கிளைகளைத்தான் முதலில் எடுத்திருந்தார்கள். பழக்காரம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வெயிலில் நின்றிருந்தாள். அடிமரத்தில் ரம்பம் முக்கால்வாசி இறங்கியிருந்தது.

"நிறுத்துங்க! நிறுத்தச் சொல்லுங்க!" என்று அவள் கத்தினாள். மேஸ்திரி கையைக் காட்ட, ரம்பம் நின்றது. நல்ல மனிதர்தான். அவளை ஓரமாகக் கூட்டிப்போய் உத்தரவைக் காட்டினார்.

"முறைப்படிதான்மா வந்திருக்கோம். மூணு நினைவூட்டல் வந்திருக்கு, சிவப்பு நாடா போட்டு. என் சர்வீஸ்ல இப்படி அவசரமா யாரும் கேட்டதில்ல."

உத்தரவோடு மூன்று உறைகளும் குத்தூசியால் கோத்து இருந்தன. மூன்றின் மேலும் அவள் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. மூன்றும் பிரிக்கப்படாமல் இருந்தன.

"இத யாருமே பிரிச்சுப் பாக்கலியா?" என்றாள்.

"தபால் பிரிவுல பாத்துட்டுத்தானே நினைவூட்டல்னு குத்தி அனுப்பறாங்க? அதுக்கு மேல நாங்க எதுக்குப் பிரிக்கணும்?" என்றார் மேஸ்திரி.

அவள் முதல் உறையைக் கிழித்து அவரிடம் நீட்டினாள். அவர் தெருவில் நின்றபடியே முழுவதும் படித்தார். படித்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் முந்தி இத காட்டியிருந்தா திரும்பிப் போயிருப்பேன்மா. இப்ப முக்கால்வாசி அறுத்தாச்சு. இப்படியே விட்டா சாயங்காலக் காத்துக்கு பஸ் ஸ்டாப் மேலயே சாஞ்சிடும்" என்றார். அவர் சொன்னது நிஜம்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அவள் யாரைத் திட்டுவாள்?

மேலே போனாள். அவர் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீரும் எச்சிலுமாக இருந்தது. அவள் துடைத்துவிட்டாள். மரம் விழுகிற சத்தத்தில் தம்ளர்கள் அதிர்ந்தன. அதன் பிறகு அந்த அறைக்குள் அத்தனை வெளிச்சம் வந்தது. முப்பது வருஷம் குடியிருந்த வீட்டின் சுவர்களில் இத்தனை கறை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எவன்..." என்றார் அவர். வார்த்தை வருவதற்கு நேரமாயிற்று. "எவன் இத வெட்டச் சொன்னானோ, அவன் நிழலே இல்லாம வெந்து சாகட்டும்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்று அவர் வாயைப் பொத்தினாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அறை அடுப்பாயிற்று. இரண்டு மணிக்கு வெயில் ஜன்னல் வழியாக ஏறி, ஐந்தரை வரைக்கும் அவர் முகத்திலேயே நிற்கும். திரை போட்டால் காற்று நின்று மூச்சு முட்டியது. கட்டிலைத் திருப்பிப் போட இடம் இல்லை. தூசி வந்து தலையணையில் படிந்தது, இருமல் நெஞ்சைப் பிளந்தது. சாயங்காலம் எது என்று அவருக்குத் தெரியாமல் போய், தூக்கமும் போயிற்று. அவள் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டாள். சான்றிதழைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

அவர் தினமும் ஒன்றையே கேட்டார். "உன் ஆபீஸ்தானே? மனு போட்டவன் பேரக் கண்டுபிடி." தேடச் சொல்லியிருக்கிறேன், ஃபைல் வேறு பிரிவில் இருக்கிறது என்று அவள் நாளைக் கடத்தினாள். மற்றதெல்லாம் மறக்கிற மனிதர் இதை மட்டும் மறக்கவே இல்லை.

மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம், தபால்காரர் கீழே கொடுத்துவிட்டுப் போன தபால் ஒன்றைப் பழக்காரம்மா கொண்டுவந்து, அவள் சமையலறையில் இருந்ததால் அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் வந்து பார்த்தபோது அவர் உறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நகராட்சிச் சின்னம் மட்டும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"பிரிச்சுப் படி" என்றார்.

பிரித்தாள். 'தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது' என்று கோப்பை மூடும்போது மனுதாரருக்குப் போகிற வழக்கமான கடிதம். மேலே அவர் பெயர், அவர் அப்பா பெயர், கதவு எண் எல்லாம் சுத்தமாக அச்சடித்திருந்தது. ஆயிரக்கணக்கில் அவள் கையால் அனுப்பிய கடிதம்தான் அது. மனுதாரர் வீட்டில் அது எப்படி இறங்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"சத்தமா படி. மரத்தப் பத்தித்தானே? பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"யாரு?"

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள் அவள். அண்ணன் வெளியூரில் இருக்கிறார் என்பதுதான் அவள் சொன்ன முதல் பெரிய பொய். இது இரண்டாவது. அவருடைய பெயர் இருந்த இடத்தில், வருகைப் பதிவேட்டில் மட்டும் மிச்சமிருந்த தன் பெயரைப் படித்தாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "அது உன் பேரு" என்றார்.

"ஆமாங்க. நான்தான் எழுதினேன். நாலு வருஷம் ஆச்சு. அப்புறம் வேணாம்னும் நான்தான் எழுதினேன். அத யாரும் பிரிக்கல."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அவள் கையால் கொடுத்ததை வாங்கவில்லை. பழக்காரம்மா வந்து கஞ்சி ஊட்டினாள். மாத்திரையை அவள் கொடுத்தால் துப்பினார். பதினொரு நாள் அவர் அவளோடு பேசவில்லை. அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனாலும் இந்தக் கோபம் தன் மேல் இருக்கிற வரைக்கும் அவர் மேல் விழாது என்று ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. அவர் கொடுத்த சாபத்தின் பாதி தனக்கும் உரியதுதானே. வாசகம் போட்ட கை அவளுடையதுதான்.

அந்தப் பதினொரு நாளும் இரண்டு மணிக்கு வெயில் ஏறியதும் அவள் போய் ஜன்னலை மறைத்தபடி நிற்பாள். முந்தானையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொள்வாள். வெயில் நகர நகர அவளும் நகர்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், அவள் நிழல் அவர் முகத்தில் கிடக்கும். முதுகு எரியும். கை வலித்தால் ஒரு கையை இறக்கிக்கொள்வாள்.

பன்னிரண்டாம் நாள் நாலு மணிக்கு அவர் கண்ணைத் திறந்தார்.

"கால் வலிக்கும். உக்காரு" என்றார்.

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வெயில் விழும்.

"எதுக்கும்மா எழுதின?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. "காரணம் இல்லாம நீ ஒண்ணும் செய்ய மாட்டியே."

பதினொரு நாளில் இதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். சாக்கடையில் வேர் புகுந்தது என்றாவது, பூச்சி வந்தது என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் மறுபடி பேசிவிட்ட சந்தோஷத்தில் அவளுக்கு மூளை ஓடவில்லை. உள்ளதே வாயில் வந்துவிட்டது.

"உங்க வண்டி மேல மைனா எச்சம் போட்டுச்சு. தினமும் துடைச்சுத் துடைச்சு நீங்க கஷ்டப்பட்டீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"என் வண்டிக்காகவா?" என்றார் அவர். நல்ல இடது கையைத் தூக்கி, ஜன்னலில் மரம் இருந்த இடத்தைக் காட்டினார். "அப்ப எனக்காகத்தான். என்னாலதான் போச்சா?"

"இல்லீங்க. நான்தான். நான்தாங்க எழுதினேன்."

"என்னாலதான்" என்றார் மறுபடி. அவருக்கு அழுகை வந்தது.

அவள் முந்தானையை இறக்காமல், "இல்லீங்க, இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். குனிந்து கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்றால் வெயில் அவர் கண்ணில் விழும். அப்படியே, சூரியன் எதிர்வீட்டுக்குப் பின்னால் போகிற வரைக்கும் இரண்டு பேரும் அழுதார்கள். ஐந்தரை ஆனதும் அவள் கையை இறக்கினாள். இலை மடிகிற நேரம் அது. அவர் பழக்கத்தில் ஜன்னலைப் பார்த்தார்.